கோட்டுக்கு வெளியே நின்ற அப்பா

மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போல நானும் 'கோச்' என்றுதான் கூப்பிட வேண்டும். அதை அவரே சொல்லியிருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நாங்கள் குடியேறியிருந்த, பிரெஞ்சு பேசும் நகரின் வில்லரேப் பகுதியில் எங்கள் அயலில் இருந்த பெற்றோர் சிலர் சேர்ந்து சிறுமிகளுக்கென்று ஓர் உதைபந்தாட்ட அணியை நடத்திவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர் என்பதால் பயிற்சி கொடுக்கும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் வேறு நகரங்களுக்குப் போய் ஆடுவோம். நான் கோல் காப்பாளர்.

மற்றப் பிள்ளைகளை அப்பா ஒருபோதும் ஏசியதில்லை. "பரவாயில்லை, அடுத்ததைப் பார்" என்பார். என்னிடம் மட்டும் அந்தப் 'பரவாயில்லை' கிடையாது. தன் மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. ஷேர்புரூக்கில் ஒருமுறை, மழைக்குள் பந்து என் கையிலிருந்து வழுக்கிக் கோலாகிவிட்டது. இடைவேளையோடு என்னை வெளியே இருத்தினார். எங்கள் வான் வண்டியில் திரும்பி வரும் வழி முழுவதும் அந்த ஒரு பந்தைப் பற்றியே கதைத்தார். முன் இருக்கையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "இஞ்சாருங்கோ, அந்தப் பந்து இன்னும் வானுக்குள்ளையே உருளுது. இறக்கி விடுங்கோவன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் லவாலில் ஓர் ஆட்டம் முடிந்ததும், அஹுன்ட்சிக் பக்கத்துக் கழகம் ஒன்றின் பெண் பயிற்சியாளர் அப்பாவிடம் வந்தார். அங்கே எல்லோரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் பயிற்சியாளர்கள். கோல் காப்பாளர்களுக்கென்றே தனியாக ஒருவர் இருந்தார். "உங்கள் மகளை எங்களிடம் அனுப்புங்கள்" என்று அந்தப் பெண் பிரெஞ்சில் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா 'மெர்சி' என்று நன்றி மட்டும் சொன்னார். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. போக எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கோச்சின் மகளே அணியை விட்டுப் போனால் அப்பா மற்றப் பெற்றோரின் முகத்தில் எப்படி விழிப்பார் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அம்மாதான் என்னைப் பல்கனிக்கு அனுப்பினார். "போய்க் கேள். அவரும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறார்."

அப்பா பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு அந்தக் கிளப்புக்குப் போக விருப்பம்."

அவர் பம்பை நிறுத்தவில்லை. அந்தப் பந்து இறுகும்வரை அடித்து முடித்தார்.

"ஓம் பிள்ளை, நீ போகத்தான் வேணும். கோல் காக்கிறதைச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. நான் சத்தம்தான் போடுறன்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ அங்கை நிக்கேக்கை மற்றப் பிள்ளையள் ஒருத்தரும் என்ரை கண்ணுக்குத் தெரியினமில்லை. அவையளும் பாவம்."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பசி. உள்ளே போய் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

புதிய கழகத்தில் பெற்றோர் மைதானத்தின் மறுபக்கம்தான் இருக்க வேண்டும். உள்ளே ஆடும் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லக் கூடாது. முதல் ஆட்டத்தில் மூலையிலிருந்து வந்த பந்தைத் தவறவிட்டேன். பழக்கத்தில் அப்பா பக்கம் திரும்பினேன். மடக்குக் கதிரையை விட்டு எழுந்து நின்று அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்காக அவர் கைதட்டி நான் கண்டது அன்றுதான்.

தோற்றுத்தான் திரும்பினோம். வான் நெடுஞ்சாலையில் ஏறும்வரை காத்திருந்தேன். அந்தப் பந்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "களைச்சுப் போனியா? ஏதும் சாப்பிட்டிட்டுப் போவமா?" என்றார். உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டபடி, தன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தூங்கி விழுந்த கதையை நடித்துக் காட்டினார். சிரித்ததில் எனக்குப் புரைக்கேறியது.

பழைய அணியை அவர் விடவில்லை. எனக்குப் பதிலாக வந்த பிள்ளைக்குப் 'பரவாயில்லை' சொல்லிக்கொண்டு இன்னும் சில வருடங்கள் பயிற்சி கொடுத்தார். நான் ஆடுவதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. அங்கே கற்றதில் பெரும்பகுதி மறந்தும் போயிற்று. ஆனால் அப்பாவைப் பற்றி இன்று என் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் பாதி, ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தேவையில்லாமல் போன அந்தப் பயணங்களில் அவர் எனக்குச் சொன்னவை.