கை மாறி வந்த களிம்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சிரங்கு வந்தாலும், சுங்கை பாக்காப் எஸ்டேட்டிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு மருந்துக்கு நடந்தவள் நான். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் நம்பர் பார்க்கவும் வரும். அதற்கு மேல் எழுத்து ஓடாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

அரிப்பு இடுப்பில் ஆரம்பித்தது. பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் ஒரு வட்டம், ஓரம் சிவந்து, நடு வெளுத்து. பினாங்கில் நான் இருப்பது கடைசி மகன் வீட்டில். அவனிடம் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட காட்டணும்டா."

"இந்த வாரம் ஓவர்டைம்மா. அக்காகிட்ட நல்ல கிரீம் இருக்கு, கொண்டாரச் சொல்றேன்லா."

பட்டர்வொர்த்திலிருந்து மூத்த மகள் வந்தாள். அவள் பிள்ளையின் கரப்பானுக்கு டாக்டர் கொடுத்த களிம்பு, பாதி பிதுக்கிய டியூப். "ஸ்டீராய்டும்மா, பவர் ஜாஸ்தி. போட்டா போயிடும்" என்றாள். உட்காரக்கூட இல்லை. காடியை ரோட்டோரம் நிறுத்திய இடம் சரியில்லையாம்.

போகத்தான் செய்தது. சிவப்பு அடங்கியது, அரிப்பு அடங்கியது, பிள்ளைகள் காதில் என் சத்தமும் அடங்கியது. நிறுத்தினால் மறுபடி எரியும், மறுபடி தடவுவேன். டியூப் தீர்ந்தால் இன்னொரு பிள்ளை வீட்டிலிருந்து டியூப் வரும். அம்மாவுக்கு அரித்தால் என்ன செய்வது என்று ஐந்து பேருக்கும் வழி தெரிந்துவிட்டது. வட்டம் மட்டும் ஓரம் கலைந்து முதுகுக்கும் தொடைக்கும் படர்ந்தது. தொடை இடுக்கில் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, கோடு கோடாய்த் தழும்பு விழுந்தது. மருமகளிடம் தூக்கிக் காட்டுகிற இடமா அது? "அடுத்த வாரம்மா" என்பதிலேயே தைப்பூசமும் போனது.

ஒரு காலையில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

தோல் டாக்டர் தமிழ்ப் பெண். லேசாகச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடி மெஷினில் பார்த்தாள்.

"படர்தாமரை பாட்டி. இவ்வளவு நாளா என்ன தடவுனீங்க?"

டியூபை நீட்டினேன். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "இது சின்னப் பிள்ளைக்குக் கொடுத்ததுலா!"

"கெட்ட மருந்தா?"

"நல்ல மருந்து, தப்பான இடம். தோலுக்குள்ள ஏதாச்சும் புகுந்தா உடம்பு சண்டை போடும். சிவப்பு, அரிப்பு எல்லாம் அந்தச் சண்டைதான். இந்தக் களிம்பு சண்டையை அமத்தும். கரப்பான்ல தோல் சும்மாவே சண்டை போடுது, அங்க அமத்தலாம். அதுவும் மெல்லிசா, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்தான். உங்களுக்கு உள்ள இருக்கறது நிஜத் திருடன். குரைக்கிற நாய் வாயைக் கட்டிட்டீங்க, அவன் வீடு பூரா சுத்துறான்."

"கட்டுனது நான் இல்லம்மா."

"கூட யாரும் வரலையா?"

"அஞ்சு பேர் இருக்காங்க" என்றேன். அவள் தலை குனிந்து மருந்து எழுதினாள்.

பழைய களிம்பை நிறுத்தியதும் இடுப்பு நெருப்பாய் எரிந்தது. எரியும் என்று அவளே சொல்லியிருந்தாள், பொறுத்தேன். சோறு தின்றபடியே மகன் கேட்டான்: "இன்னும் அரிக்குதாம்மா? கிரீம் இருக்குல்ல?" இருக்கிறது என்றேன்.

மூத்தவளுக்கு விஷயம் தெரிந்தபோது போனில் சத்தம் போட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

சொன்னேன் மகளே. சொன்னபோதெல்லாம் டியூப்தான் வந்தது.

அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். கூட வா என்று ஒருவரையும் கேட்க மாட்டேன். இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தபோது அவர்களும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வைக்கவில்லை நான்.

"எழுதிட்டியா? படி."

"பாட்டி, அப்பா ஹால்ல இருக்காங்க." பேத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும். மொத வரியிலேருந்து படி. சத்தமா."