மூடாமல் விட்ட டிஸ்க்

அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. ஆறு வருடம் குவைத்தில் கார் ஓட்டிவிட்டு அவர் பல்லேபொலவுக்குத் திரும்பியபோது, உள்ளங்கை அளவு டிவிடியில் படம் பிடிக்கும் கமரா ஒன்றும் கூடவே வந்தது. என் கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த வீடியோக்காரரை, "நான் இருக்கேன்ல, அவன் எதுக்கு?" என்று வரவேண்டாமெனச் சொல்லிவிட்டார்.

அப்பா தோட்டத்து லொறி டிரைவர். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார். கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் யாரோ மைக்கைக் கையில் திணிக்க, இரண்டு நிமிடம் பேசினார். வெட்கத்தில் தலை குனிந்திருந்த என் காதில் ஒன்றும் ஏறவில்லை. வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அத்தான் தந்த டிஸ்க் எங்கள் பிளேயரில் ஓடவில்லை.

"ஒங்க பிளேயர் ப்ளஸ் டிஸ்க்குக்குச் செஞ்சது. இது மைனஸ். படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா?"

அந்தப் பேரறிவை நம்பி, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கினேன். எங்கும் ஓடவில்லை. கமராவையும் அத்தான் அதற்குள் விற்றுவிட்டிருந்தார். அடுத்த வருடம் அப்பா இறந்துபோனார்.

இந்த வருடம் என் லப்டொப்பைத் திருத்த அலுவிகாரையில் ஒரு கடைக்குப் போனபோது, டிஸ்க்கையும் கொண்டுபோனேன். கடையை நடத்தும் முஸ்லிம் பெண் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது வெறும் டிஸ்க் இல்ல அக்கா. இந்தா பாருங்க, எழுதின எடம் நெறம் மாறிக் கெடக்கு. படம் எடுத்து முடிச்சதும் கமராவுலயே ஒரு பொத்தான அழுத்தி டிஸ்க்க மூடணும், ஃபைனலைஸ்னு சொல்லுவாங்க. மூடாட்டி வேற மெஷினுக்கு இது வெறும் டிஸ்க்தான்."

"அப்ப ப்ளஸ், மைனஸ்?"

"அது ரெண்டு கம்பெனிக் கூட்டம் போட்டிக்கு வச்ச பேரு. அநேகமா எல்லாப் பிளேயரும் ரெண்டையும் வாசிக்கும். இது ஒரு தடவ மட்டும் எழுதுற டிஸ்க்கா இருந்ததும் நல்லதாப் போச்சு. அழிச்சு எழுதுறதுன்னா, வெறும் டிஸ்க்னு நெனச்சு யாராவது மேலால பாட்டுப் பதிஞ்சிருப்பாங்க."

ஒரு பொத்தான். அதை அழுத்தத் தெரியாத மனிதர்தான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

கடைக்காரப் பெண் இரண்டு நாளில் படத்தை மீட்டுக் கொடுத்தார். முக்கால்வாசி மின்விசிறியும் சாப்பாட்டுத் தட்டும்தான். அப்பா பேசும்போது கமரா அத்தான் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் குரல் முழுதாக இருந்தது.

"எனக்கு லொறி ஓட்டத்தான் தெரியும், பேசத் தெரியாது. இந்தப் புள்ள பொறந்தன்னிக்கு மழையில ரோட்டு ஒடஞ்சி கெடந்துச்சி. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். இன்னிக்கும் அதே சந்தோஷம். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

நான் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் போட்டுக் காட்டினேன். அக்கா அழுதாள். அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சவுண்டு எவ்வளவு கிளியரா எடுத்திருக்கேன் பாத்தீங்களா?" என்றார்.