ஐந்தாவது கட்டம்

சவரிநாதன் துவாக்குடியில் ஒரு தனியார் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் நலப்பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தார். தொழிலாளர்களின் விடுப்புக் கடிதங்களையும் மருத்துவ உதவி மனுக்களையும் அவரே எழுதித் தருவார். கோபத்தோடு வந்து சொன்னவர்களின் மனுகூட அவருடைய கையில் பணிவாக மாறிவிடும். அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

1982ஆம் ஆண்டு, தொழிலாளர்களின் மனநிறைவை அளக்க நிர்வாகம் முற்பட்டது. சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் வந்தன. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் ‘சற்றும் நிறைவில்லை’. ஐந்தாவது ‘முழு நிறைவு’. பெயர் எழுத வேண்டியதில்லை. கேள்விகளைத் தமிழில் கேட்டுக் குறியிடும் பொறுப்பு சவரிநாதனுக்கு வந்தது.

பெயின்ட் ஷெட்டில் ஆறு பேர் மட்டுமே. அவர்களுள் அமிர்தராஜ், சவரிநாதனின் மனைவி இருதயமேரிக்குத் தம்பி. ஏழாண்டுகளாகத் தற்காலிகத் தொழிலாளி.

“வேலை செய்யற இடத்துல காத்து எப்படி, மாப்பிள்ளை?”

“காத்தா? மூஞ்சியில கர்சீப்பைக் கட்டிக்கிட்டு அடிக்கிறோம் மச்சான். சாயங்காலம் துப்பினா அன்னிக்கு என்ன கலருன்னு தெரியும்.”

உடன் வேலை செய்யும் பிச்சை சிரித்தார். “நேத்து கறுப்பு, இன்னிக்கு சிவப்பு. நெஞ்சுக்குள்ள எலெக்‌ஷன் நடக்குதுங்க!”

“இதையா எழுதச் சொல்றே?”

“உங்களுக்குத் தெரியாததா மச்சான்? நீங்களே பார்த்துப் போடுங்க.”

நிரந்தரமாக்கப்படுவோரின் பட்டியல் அந்த மாதந்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் இல்லாவிட்டாலும், ஆறு பேரில் யார் குறை சொன்னார் என்று கண்டுபிடிப்பது அரிதன்று. சவரிநாதன் ஐந்தாவது கட்டத்தில் குறியிட்டார். ஆறு தாள்களிலும் அவ்வாறே செய்தார்.

முடிவுகள் வந்த பிறகுதான், மதிப்பெண் குறைந்த பிரிவுகளுக்கே முதலில் வசதி செய்யப்படும் என்று தெரிந்தது. வார்ப்புப் பகுதிக்குப் புகையை வெளியேற்றும் விசிறிகள் கிடைத்தன. தொண்ணூற்றாறு விழுக்காடு பெற்ற பெயின்ட் ஷெட்டுக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

சவரிநாதன், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துபோகும் நல அதிகாரி வரதாச்சாரியிடம் சென்றார்.

“சார், பெயின்ட் ஷெட்டு காத்து விஷயத்துல நான் தப்பாக் குறிச்சுட்டேன்.”

“ஆறு தாள்லயுமா? இதை மேலே சொன்னா உம்ம வேலைக்கே கேள்வி வரும், ஓய். அடுத்த சர்வேல பார்த்துக்கலாம்.”

அடுத்தது மூன்றாண்டுகள் கழித்து என்பது இருவருக்கும் தெரியும். சவரிநாதன் தம் மேசைக்குத் திரும்பினார்.

தை மாதத்தில் அமிர்தராஜ் நிரந்தரமானார். அக்காள் வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார். அவ்வாண்டு மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. 1985இல், பொன்மலை மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருவதற்குள் மூன்றிடங்களில் உட்கார வேண்டியிருந்தது. நுரையீரல் கெட்டுவிட்டதென்றும் இனி அந்த வேலை கூடாதென்றும் மருத்துவர் கூறினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின், சவரிநாதன் அமிர்தராஜின் அருகே அமர்ந்தார்.

“மாப்பிள்ளை, அந்தத் தாள்ல எல்லாம் நல்லாருக்குன்னு போட்டது நான்தான்.”

“தெரியும் மச்சான்.” மூச்சு வாங்கிக்கொண்டு அமிர்தராஜ் தொடர்ந்தார். “சர்டிபிகேட்டை மாட்டினப்பவே தெரியும்.”

“அப்ப ஏன் என்னைக் கேக்கலே?”

“கேட்டிருந்தா நீங்க போய் மேல சொல்லியிருப்பீங்க. உங்களுக்கு வேலை போயிருக்கும்.”

“நான் சொன்னேன்டா. ஒரு தடவை சொன்னேன்.”

“ஒரு தடவைதானே?” என்றார் இருதயமேரி.

அவர் கதவருகே நின்றிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தம்பிக்கு வெந்நீர் எடுத்துவர உள்ளே சென்றார்.

அவ்வாண்டு இறுதியில் நடந்த இரண்டாவது அளவீட்டில், பெயின்ட் ஷெட்டார் சொன்னதைச் சொன்னபடியே சவரிநாதன் குறித்தார். மறு ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அமிர்தராஜ் இறந்தார். ஜூன் மாதத்தில் ஷெட்டில் இரண்டு விசிறிகள் பொருத்தப்பட்டன. இப்போது எதிரில் நிற்பவரின் முகம் தெரிகிறது என்று சொல்லி, வந்து பார்க்கும்படி பிச்சை இரண்டு முறை அழைத்தார். ஓய்வு பெறும்வரை சவரிநாதன் அங்கே போகவில்லை.