ரோட்டைச் சுரண்டிய பிறகே தம்பியை எடுத்தோம்

தம்பியின் நினைவு மலருக்கு அக்காவாகிய நான் எழுத உட்கார்ந்திருப்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வயதுப்படி பார்த்தால் எனக்கு மலர் போட வேண்டியவன் அவன். அட்டையில் என் படம் சரியாக இல்லை என்று அச்சகத்தில் சண்டை பிடித்திருப்பான். "செயலாளரை 'அவர்'னு மரியாதையா எழுதுங்கம்மா" என்றார்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தார். எழுதிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத பெரிய மனிதர் காலமான மாதிரி இருந்தது. சங்கத்துக்கு அவர் செயலாளர், எனக்கு அவன். உறவினர்களும் நண்பர்களும் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது இதே இடத்தில்தான். அப்போது இதற்கு நகர் என்ற பெயரெல்லாம் கிடையாது. தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் அப்பா பயிர் வைத்த நிலம். மனை போட்டு விற்றது போக மிஞ்சியதில் அப்பா கட்டிய வீட்டில்தான் தம்பி கடைசிவரை இருந்தான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. அப்பா அடித்தும் ஏறவில்லை. ஒரு சிமெண்டுக் கடையில் வேலைக்கு நின்று தொழில் கற்று, பிறகு சொந்தமாகச் சிமெண்டு, கம்பிக் கடை வைத்தான். ஒரு வருடம் வந்த பெருவெள்ளத்தில் மூட்டைகள் அத்தனையும் நனைந்து இறுகிக் கல்லாகிவிட்டன. பதறிப்போய் வந்த என்னிடம், "இன்னாக்கா பண்றது, கடைக்குள்ளயே கட்டடம் எழும்பிடுச்சு" என்று சிரித்தான். அழுதது நான்தான். அவன் மறு வாரமே கடையைத் திறந்துவிட்டான்.

அவனைச் சங்கத்துக்குள் இழுத்து வந்தது அப்பாவின் மரணம். அப்பா போனது மழைக்காலத்தில். எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, எங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போயிருந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டதும் பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவி விட்டோம். கழுவிய தண்ணீர் வாசலைத் தாண்டவில்லை. நான் துடைப்பத்தால் தள்ளத் தள்ள, ரோட்டில் முட்டிக்கொண்டு திரும்பி உள்ளே வந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த பூ கூடம் முழுக்க மிதந்தது. சுடுகாட்டிலிருந்து வந்த தம்பி ஈர வேட்டியோடு வாளியை எடுத்து மொண்டு மொண்டு வெளியே கொட்டினான். "அப்பாவோட எழவுத் தண்ணி வெளிய போறதுக்குக் கூட வழி இல்லக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் பிடித்த பிடி ஒன்றுதான். அடுத்த முறை ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாசல்களுக்குக் கீழே நிற்கும்படி புதியதைப் போட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஓர் அதிகாரிக்குப் புரிய வைப்பதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் எல்லாம் தம்பி செயலாளராக இருந்தபோது வந்தவை. அவற்றுக்குக் கைதட்டியவர்கள், ரோட்டுப் பேச்சை எடுத்ததும் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். அவன் விடமாட்டான். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "பாருங்க சார், ரோடு இங்க கீது, உங்க கூடம் அங்க கீது" என்று காட்டுவான். என் மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் மட்டம் பார்க்கத் தொடங்கிவிட்டான். சம்பந்தி வீட்டார் முன்னாலேயே திட்டினேன். "தண்ணி நிக்கும்க்கா இங்க" என்றான். அன்று சாயங்காலம் மழை பெய்தது, தண்ணீர் நின்றது.

கடைசியில் அவன் கேட்டது கிடைத்தது. சுரண்டும் மெஷினை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். முந்தின நாள் மேடவாக்கத்தில் இருக்கும் எனக்குப் போன் செய்தான். "அக்கா, காலைல மெஷின் வருது. நீ கிளம்பி வா."

"ரோட்டைச் சுரண்டறத வேடிக்கை பார்க்க, அந்த டிராபிக்ல பஸ் ஏறி வரணுமாடா நானு?"

"வாக்கா. அன்னிக்குத் தண்ணிய தள்ளினவ நீதானே."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது தம்பி மனைவியின் போன் வந்தது. "அண்ணி, இவரு கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்கறாரு." காப்பி குடித்துவிட்டு, மெஷின் வந்தால் ஓடுவதற்காகச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டான். மாரடைப்பு என்றார் டாக்டர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அத்தனை மாத்திரையும் விழுங்குகிற நான் இருக்கிறேன். இதில் என்ன நியாயம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

நான் வந்து சேர்ந்தபோது அவனை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அழுகை வரவில்லை. வெளியே தார் லாரியின் சத்தம் கேட்டது. சங்கத்தின் பொருளாளர் வந்து கைகூப்பினார். "அக்கா, சுரண்டினா தெரு கரடுமுரடாயிடும், அண்ணா போற வண்டி குலுங்கும். அதனால மேலாப்லயே போட்டுடச் சொல்லிட்டோம். எடுக்கறதுக்குள்ள ரோடு ரெடியாயிடும். அண்ணா வாங்கின ரோட்டு மேலயே அண்ணா போகட்டும்" என்றார். சொல்லும்போதே விம்மினார். அத்தனையும் அன்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி செத்துவிட்டான் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அவன் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் இவ்வளவுதானா?

தலைவிரி கோலமாகப் போய் லாரியின் முன்னால் நின்றேன். "மேல போடாதீங்க. சுரண்டுங்க."

"சாவு வூட்டுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னுதாம்மா" என்றார் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர்.

"அந்த மரியாதை சுரண்டினாதான்."

"தூசி பறக்கும்மா. வண்டி ரொம்பக் குலுங்கும்."

"குலுங்கட்டும். அவனுக்கு ஒண்ணும் வலிக்காது" என்றேன். சொன்ன பிறகுதான், என் வாயிலிருந்தா அது வந்தது என்று பட்டது. பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அண்ணாவுக்கே விரோதமா பண்ண இருந்தோமே" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் நின்ற மெஷினைக் கூட்டிவர ஓடினார். சாவு வீட்டு வாசலில் இதென்ன கூத்து என்று உங்களில் சில உறவினர்கள் முகம் சுளித்தீர்கள். தப்பில்லை. ஒப்பாரிகூடக் காதில் விழாத அளவுக்குச் சத்தம்தான் அது. பிறகு அமரர் ஊர்தி அந்தக் கரட்டு ரோட்டில் ஆடி ஆடிப் போனது.

போன் செய்ததும் ஓடிவந்த டாக்டருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய தெருவாருக்கும், கூடவே நின்ற பொருளாளருக்கும், ஊர்தி கடக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி நின்ற டிரைவருக்கும், மறுநாள் சொன்னபடி மட்டம் பார்த்து ரோடு போட்டவர்களுக்கும், இன்று காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் பார்க்காதது ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். ஊர்தி தெருமுனையில் திரும்பியதும் வீட்டைக் கழுவினோம். முதல் வாளியை நான்தான் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினேன். அப்பா போன அன்று பட்டது மறக்கவில்லை. திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்க வாசலில் காலை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் திரும்பி வரவில்லை. உதிர்ந்த பூவையும் இழுத்துக்கொண்டு படியிறங்கி, சுரண்டிய ரோட்டில் விழுந்து வடிகாலைப் பார்த்து ஓடியது. தம்பி மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, போவுது பாருங்க" என்றாள். இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் போயிற்று.

"டேய், தண்ணி போவுதுடா, வந்து பாரு" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் திரும்பினேன்.

கழுவிய தரைதான் இருந்தது.