சேவியர் அண்ணரின் ஜேர்மன் ட்ரம்

முந்தநாள் பக்கத்து வீட்டார் குப்பையோடு பிளாஸ்டிக் பைகளையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். யன்னலைச் சாத்தியும் மணம் போகவில்லை. வயது போன காலத்தில் மூக்கு மட்டும் இப்படி வேலை செய்து என்ன பயன் என்று அலுத்துக்கொண்டிருந்தபோது, சேவியர் அண்ணர் நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். அண்ணர் அங்கே கப்பல் சரக்கைத் தூக்கியிறக்கும் வின்ச் ஓட்டுபவர். வேலை முடிந்தால் பைலாப் பாட்டுப் பாடி ஆட எங்களுக்கு ஒரு கோஷ்டி. ட்ரம் அவருடையது, ஒரு ஜேர்மன் மாலுமி விற்றுவிட்டுப் போனது. கடற்காற்றுப் பட்டால் அதன் கன்றுத்தோல் தொய்ந்துவிடும். அடிக்குமுன் தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். பாட்டும் வராத, தாளமும் வராத ஆள் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கு.

ஒருநாள் தோல் கிழிந்தது. கிண்ணியாவில் வாங்கிய ஆட்டுத்தோல் சரிவரவில்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் வேறு. மகளின் கலியாணத்தில் அந்த ட்ரம்மைத் தானே அடிக்க வேண்டும் என்பது அண்ணரின் ஒரே ஆசை. ட்ரம்மைச் செய்தவர்களின் பெயரும் ஊரும் அதில் பொறித்திருந்தன. அந்த விலாசத்துக்கு நான் கடிதம் எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு கப்பல்காரர் கையில் பதிலும் பொதியும் வந்தன. உலக யுத்தம் முடிந்ததும் அவர்களுடைய பட்டறை ரஷ்யர்களின் பக்கம் போய்விட்டதாம். தகப்பனும் மகனும் கையில் அகப்பட்ட ஆயுதங்களோடு, உளி சுத்தியலைத்தான் சொல்கிறேன், மேற்குப் பக்கம் வந்து, அகதிகளுக்கான கொட்டிலொன்றில் மறுபடி ட்ரம் செய்யத் தொடங்கினார்களாம். என் கடிதத்தைப் பழைய ஊரில் யாரோ எல்லை தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தோல் போடுவதில்லை, பிளாஸ்டிக்தான், ஈரம் அதை ஒன்றும் செய்யாது என்று எழுதி, ஒன்றைச் சும்மாவே அனுப்பியிருந்தார்கள். நானே அண்ணருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதை ட்ரம்மில் பூட்டிக் கலியாணத்துக்கென்று வைத்தார்.

கலியாணத்தன்று மழை. மணமக்கள் தேவாலயத்திலிருந்து வருமுன் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சிரட்டை மூட்டினேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். பிளாஸ்டிக் சுருங்கி நடுவில் ஓட்டை விழுந்த பிறகுதான் கடிதம் நினைவு வந்தது.

அண்ணர் வந்து பார்த்தார். மகள் ஆடி முடியும்வரை முன்வரிசைக் கதிரையில், கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார்.

அடுத்த கிழமை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்.

"கலியாணத்தில நல்லா அடிச்சனான் எண்டு எழுதுங்கோ தம்பி. எல்லாத்தையும் விட்டிட்டு வந்த மனுசர், பாவம்."

எழுதினேன். பிறகு எங்கள் நாட்டிலும் யுத்தம் வந்து, அண்ணரும் குடும்பத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. மண்டபம் இருந்த இடத்தில் இப்போது வாடகை வான் வண்டிகள் நிற்கின்றன. கண்காணாத ஜேர்மன்காரருக்கு அழகாகப் பொய்யெழுதிய நான், அண்ணரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதவில்லை. அவருடைய முகவரி கையில் இருந்த காலத்திலும் எழுதவில்லை.