சந்தையை எழுதப் போனது

மனைவி இறந்த பிறகு நான் எழுதிய கதைகள் எல்லாமே வீட்டில் தனியாக இருக்கும் ஆளைப் பற்றியவை. அவற்றை வெளியிட்டுவந்த சிற்றிதழின் ஆசிரியர் ஒருநாள் போனில், விஷயத்தை மாற்றுங்கள், ஒரே வீட்டுக்குள் எத்தனை கதைதான் எழுதுவீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே சரியென்று பட்டது.

அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் என் நோட்டுப் புத்தகக் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். அங்கே அன்று சந்தை. கூட்டத்தைப் பற்றி எழுதினால் தனிமை எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். மலைக்காரர்கள் தரையில் சாக்கு விரித்துச் சாமையும் புளியும் கடுக்காயும் குவித்திருந்தார்கள். கீழேயிருந்து வந்த வியாபாரிகள் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கியிருந்தார்கள். டீக்கடை ஓரமாக நின்று மதியம்வரை பார்த்தேன். சாமையை அள்ளும் கைகள், தராசுத் தட்டு மண்ணைத் தொடும் விதம், தூறல் விழுந்ததும் எல்லோரும் ஒன்றாகத் தார்ப்பாயை இழுத்தது. ஊர் திரும்பி எழுதி முடித்தபோது, என் கதைகளிலேயே கலகலப்பானது இதுதான் என்று தோன்றியது.

முன்பெல்லாம் மனைவிக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவேன். இப்போது நைனார்பாளையத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் கதை படிக்கிறவள் இல்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டாள். நான் படித்து முடித்ததும் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணே. ஆனா அவ்ளோ ஜனம் வந்துகினு போய்க்கினு இருக்குது, ஒருத்தர்கூட வாயத் தொறக்கலியே?"

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பக்கம் பக்கமாகக் கைகள், முதுகுகள், தட்டுகள். பேச்சைச் சேர்க்க உட்கார்ந்தேன். ஒருத்தியை விலை கேட்க வைத்தேன். என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது போலவே இருந்தது. அடித்துவிட்டேன். அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. விஷயம் மாறியிருந்தது. பார்த்தவனும் எழுதியவனும் அதே ஆள்தான்.

அடுத்த சந்தைக்குத் தங்கையும் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. புளி விற்ற பெண்ணிடம், மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சாக்கில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது, "இதெல்லாம் எழுதுண்ணே" என்றாள்.

எழுதிப் பார்த்தேன். அந்தப் பேச்சு எதுவும் அவர்கள் பேசிய மாதிரி வரவில்லை. பையோடு நின்றவன் மட்டும் சரியாக வந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். தங்கை இரண்டு முறை கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.