மாசியில் எங்கள் மைதானம்

கிளென் ஈடனில் இன்று மகனின் சப்பாத்தில் ஒட்டிவந்த ஈரப்புல் மணம், இதே நகரின் இன்னொரு புறநகரான மாசியில் எங்கள் கல்லூரிக்கு இருந்த கால்பந்து மைதானத்துக்கு என்னைக் கொண்டுபோனது. மழையில் ஊறிய வலையும் கரைந்தோடும் வெள்ளைக் கோடுகளும், இரவு வேலை முடித்து நேரே வந்து கோட்டோரம் நின்று, "விடாதை தம்பி, அடி!" என்று கத்தும் அப்பாவுமாகத்தான் எங்கள் சனிக்கிழமைகள் விடியும். ஒரு வருடம், முதல் போட்டி எங்கள் மைதானத்தில்தான் என்று கோடை முழுவதும் பயிற்சி எடுத்தோம். அதற்குள் வீடு கட்ட அதை விற்றுவிட்டார்கள். இயந்திரம் கோல் கம்பங்களைப் பிடுங்கியபோது வேலிக்கு வெளியே நின்றோம். சண்டையில் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு ஓடிவந்த அப்பா, கம்பியைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்.

"இஞ்சையும் இருக்க விடமாட்டாங்களோ?"